மிசினில ஒட்டின மேசன்

கள்ளன் வந்த கதையை எங்கட ஊரில ஆரைக் கேட்டாலும் சொல்லுவினம், அதில ஒரு புதினமும் இல்லை. என்ர வளவை விட்டுக் கள்ளன் போன கதையைத்தான் நான் சொல்லப்போறன், அதுவும் அவன் போகேக்க நான் கேற்றடியில நிண்டு கை காட்டின கதை.

அது நாட்டில ஒண்டுமே இல்லாமல் போன வருசம். பெற்றோலுக்கு ஒரு கியூ, மண்ணெண்ணெய்க்கு ஒரு கியூ, காஸ் சிலிண்டருக்கு ஒரு கியூ, நிண்டு நிண்டு கால் வீங்கி ஆசுபத்திரிக்குப் போனால் அங்க இல்லாத மருந்துக்கு ஒரு கியூ. நாட்டில கியூவில நிக்காத ஆக்கள் ரண்டே ரண்டு பேர், ஒண்டு மந்திரிமார், மற்றது கள்ளர். நாங்கள் எந்தக் கியூவில எத்தினை மணிக்கு நிப்பம் எண்டு கள்ளருக்கு எங்களைவிட வடிவாத் தெரியும். அதால அவங்கள் இரவில முழிக்கிறதை விட்டிட்டு, கந்தோருக்குப் போற மாதிரிக் காலமை ஒன்பதுக்கு வந்து மத்தியானத்துக்குள்ள வேலையை முடிச்சுப்போடுவாங்கள். சைக்கிள் போச்சு, ஆடு போச்சு, கோயில் மணி போச்சு, ஒரு வீட்டில காயப்போட்ட உடுப்பு கொடிக்கயிறோட போச்சு. பொலிசிட்டப் போனால் ஜீப் இருக்கு பெற்றோல் இல்லை எண்டினம். ஒருத்தர் ஒரு போத்தில் பெற்றோல் தேடிக் கொண்டு போனவர், வழியில அதையும் பறிச்சுப்போட்டாங்கள், அவர் அதையும் சேர்த்து முறைப்பாடு எழுதிப்போட்டு நடந்து வந்தார். இதையெல்லாம் நான் சந்தியில நிண்டு சொல்லச் சொல்லச் சனம் வயித்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சது. பேந்து ஒரு நாள் மத்தியானம் ஒரு மணிக்குத் தபாற்கந்தோர்ப் பொன்னம்பலத்தாரை வீட்டுக்குள்ள வைச்சு வாளால வெட்டிப்போட்டு, மனிசியின்ர தாலிக்கொடியை அறுத்துக்கொண்டு போனாங்கள். அண்டையோட சிரிப்பு நிண்டது.

அதுக்குப் பிறகு ஊர் மதில் கட்டத் தொடங்கிச்சுது. வேலியைப் பிடுங்கி எறிஞ்சிட்டு ஏழடி மதில், மதிலுக்கு மேல உடைச்ச போத்தில், முன்னுக்குத் தகரக் கேற், கேற்றில ஒரு ஓட்டை, ஓட்டைக்குப் பின்னால ஒரு கண். வருசம் முடியிறதுக்குள்ள ஊர்ச் சனமெல்லாம் ஒற்றைக்கண்ணாய்ப் போச்சினம். முந்தி சந்திக்குப் போய் நிண்டால் என்ர பகிடி கேக்கப் பத்துப் பேர் நிப்பினம். இப்ப ஒரு பகிடி சொல்லவேணுமெண்டால் கேற்றில தட்டி, நான்தான் பரஞ்சோதி எண்டு சொல்லி, ஏன் வந்தனான் எண்டு சொல்லி, பேந்து அந்தக் கண்ணுக்குப் பகிடி சொல்லவேணும். கண் சிரிக்குதோ முறைக்குதோ ஆருக்குத் தெரியும். நானும் ஒரு மதில் கட்டினன். என்ர மனிசி திலகேஸ் பிரான்சில இருந்து போனில பயந்து பயந்து கட்டச் சொன்னவ, வன்னிப் பக்கம் மருதவெளியில இருந்து வந்த குணநேசன் எண்ட மேசன் கட்டினவன். ஊரில பாதி மதில் அவன்ர கையாலதான் எழும்பினது. நான் கல்லெடுத்துக் குடுத்துக் குடுத்துப் பகிடி சொல்லுவன், அவன் சாந்தைக் குழைச்சுக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பான், மூண்டு வரி கல்லுக் கட்டினாப் பிறகுதான் சிரிப்பான். சீமேந்து விலை ஏறி மதில் வேலை நிண்டதும் அவனும் தன்ர ஊருக்குப் போட்டான்.

திலகேஸ் பிரான்சுக்குப் போனது மகளின்ர பிள்ளைப்பேறுக்கு. மூண்டு மாசத்தில வாறன் எண்டு சொல்லிப்போட்டுப் போனவ, ஏழு வருசமாப் போச்சு. மூண்டு மாசம் முடிஞ்சு, திரும்பி வாறதுக்குச் சூட்கேஸ் அடுக்கேக்க, வலக்கை விரல் அஞ்சும் பேத்தியின்ர சட்டையைப் பிடிச்சபடி மடங்கி நிண்டிட்டுதாம். சட்டையை ஒரு மாதிரி உருவி எடுத்திட்டினமாம், விரல்தான் அண்டையில இருந்து விரியுதில்லையாம். டொக்ரர் குளிர் எண்டு சொன்னவராம். ஒவ்வொரு நாளும் பின்னேரம் நாலு மணிக்குப் போன் எடுப்பா, நான் ஒவ்வொரு நாளும் எப்ப வாறாய் எண்டு கேப்பன், அவ கை விறைப்புக் கொஞ்சம் மாறட்டும் எண்டு சொல்லுவா. நல்ல சாட்டு எண்டு நான் நினைச்சுக்கொள்ளுவன்.

அப்பிடியான ஒரு செவ்வாய்க்கிழமை, மண்ணெண்ணெய்க் கியூவில காலமை முழுக்க நிண்டிட்டு வெறுங் கானோட வீட்டுக்கு வந்தால், கிணத்தடியில, மகள் பிரான்சில இருந்து காசனுப்பி வாங்கின தண்ணி இறைக்கிற மிசினுக்குப் பக்கத்தில ஒருத்தன் குந்திக்கொண்டிருக்கிறான். கிட்டப் போய்ப் பாத்தன். குணநேசன்.

"என்ன குணநேசன், மதில் வேலைக்கோ வந்தனீர்?"

"இல்லை அண்ணை. களவெடுக்க வந்தனான். கை வருகுதில்லை."

பாத்தால் உண்மைதான். அவன்ர வலக்கை மிசினின்ர கைபிடியில ஒட்டிப்போய் இருக்கு, தோல் எங்க முடியுது இரும்பு எங்க தொடங்குது எண்டு தெரியாமல். இழுத்துப் பாத்தன். தேங்காயெண்ணெய் பூசிப் பாத்தன், சவுக்காரம் போட்டுப் பாத்தன், அவன் என்ர சொல்லுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திரும்பித் திரும்பித் தந்தான். ஒண்டும் சரிவரேல்ல. சரி, வராத கையை என்ன செய்யிறது, புட்டு இருக்குது சாப்பிடுறீரோ எண்டு கேட்டன். இடக்கையால சாப்பிடக் கூச்சமாயிருக்கு எண்டான். மிசினைக் களவெடுக்கேக்க வராத கூச்சம் புட்டுக்கு ஏன் வருகுது எண்டு கேட்டன். பாதிப் புட்டு முடிஞ்சாப் பிறகு சிரிச்சான்.

அண்டைக்கே ஊரில இன்னும் நாலு இடத்தில நாலு பேர் ஒட்டினாங்கள். கனகாம்பிகை ரீச்சர் வீட்டில ஒருத்தன் காஸ் சிலிண்டரோட, கோயிலடியில ஒருத்தன் உண்டியலோட, ஒருத்தன் ஆட்டோட. ஆட்டோட ஒட்டினவன்தான் பாவம், ஆடு போற இடமெல்லாம் போகவேணும், பசிச்சால் ஆடு அவன்ர சாரத்தைத் தின்னும். பொன்னம்பலத்தாரை வெட்டினவன், விக்கக் கொண்டு போன தாலிக்கொடி கையில ஒட்டினபடி பஸ்ஸில வைச்சுப் பிடிபட்டான், அவனை மட்டும் பெரிய மறியல் வீட்டுக்கு அனுப்பிப்போட்டினம். கிழமைக்குள்ள முப்பது பேர். பொலிசுக்கு முதல் சந்தோசம், பேந்து தலையிடி. கள்ளனை அடைச்சால் பொருளையும் அடைக்கவேணும், பொருள் சாட்சி, ஸ்ரேசனுக்குள்ள ஆடு கத்துது, சிலிண்டர் உருளுது, ஒருத்தன் இரும்பு அலுமாரியோட வந்து வாசலை மறிச்சுக்கொண்டு நிக்கிறான். கடைசியில சார்ஜன்ற் ஒரு கடதாசி எழுதினார்: வழக்குத் தவணை மட்டும் களவு போன பொருளைச் சொந்தக்காரரே பத்திரமா வைச்சிருக்கவேணும், ஒட்டினது எதுவோ அதையும் சேர்த்து.

அப்பிடித்தான் எங்கட ஊரில வீட்டுக்கு ஒரு கள்ளன் வந்து சேந்தான். சனம் முதல் முகத்தைச் சுழிச்சது, பேந்து பழகிப்போச்சு. மனிசருக்கு எதுவும் பழகும். கனகாம்பிகை ரீச்சர் தன்ர கள்ளனைச் சிலிண்டரோட கியூவுக்கு அனுப்பிப்போட்டு வீட்டில இருந்து பேப்பர் வாசிச்சா. கோயில் ஐயர் உண்டியல்காரனுக்குத் தேவாரம் பழக்கினார். கலியாணக் காட் குடுக்க வாறவை உங்கட ஆளையும் கூட்டிக்கொண்டு வாங்கோ எண்டு சொல்லிப்போட்டுப் போச்சினம். கள்ளன் இல்லாத வீட்டுக்காரருக்கு வெக்கமாய்ப் போச்சு, வீட்டில எடுக்க ஒண்டுமில்லை எண்டு ஊர் கதைக்குமே எண்டு, நல்ல சைக்கிளாப் பாத்து வாசலில சாத்தி வைச்சிட்டு உள்ளுக்க இருந்து காத்துக்கொண்டிருந்தினம். பெரிய கள்ளர் மட்டும் ஒருத்தரும் ஒட்டேல்ல. நாட்டையே தூக்கிக்கொண்டு போனவை, ஒரு விரல் படாமல் தூக்கிக்கொண்டு போனவை, தொட்டால்தானே ஒட்டும். அவையின்ர சாமானைச் சுமந்த ஒரு பியோன் மட்டும் எங்கயோ ஒட்டினதாக் கேள்வி.

கை எப்பிடி விடும் எண்டு ஊருக்குக் காட்டினது நாகேசு அக்கா. எங்கட ஊரில குறோட்டன் தடியைக் கேட்டு வாங்கி நட்டால் பிடிக்காது, களவெடுத்து நட்டால்தான் துளிர்க்கும். சொந்தக்காரரும் கண்டும் காணாத மாதிரி விடவேணும், அதுதான் முறை. நாகேசு அக்கா முறைப்படி பூமணி மாமி வீட்டுக்குக் கறிக்குத் தூள் கேக்கிற சாட்டில போய், முறைப்படி ஒரு கொப்பை முறிக்கப் பிடிச்சா, கை ஒட்டிக்கொண்டுது. கொப்பு மரத்தோட, அக்கா கொப்போட. ஊரெல்லாம் கூடி நிக்க, யன்னலுக்குள்ளால முதலே பாத்துக்கொண்டிருந்த பூமணி மாமி சிரிச்சுச் சிரிச்சு வந்தா. "எடுத்துக்கொண்டு போடி, நீ வருவாயெண்டுதான் அந்தக் கொப்பை வெட்டாமல் விட்டு வைச்சனான்" எண்டா. சொல்லி வாய் மூடேல்ல, கை விட்டிட்டுது.

சங்கதி விளங்கிச்சுது. சொந்தக்காரர் தந்திட்டன் எண்டு சொன்னால் கை விடும். அண்டைக்குப் பின்னேரமே எல்லா வீட்டிலும் தந்திட்டன், தந்திட்டன் எண்டு ஒரே சத்தம். ஒருத்தன்ர கையும் விடேல்ல. பேந்துதான் அதுவும் விளங்கிச்சுது, வாய் சொன்னால் காணாது, மனம் சொல்லவேணும். ஆட்டுக்காரர் வாயால தந்திட்டன் எண்டு சொல்லிக்கொண்டு கண்ணால ஆட்டின்ர விலையைப் பாத்துக்கொண்டு நிண்டார். கள்ளனுக்கும் தெரிஞ்சுது, ஆட்டுக்கும் தெரிஞ்சுது.

நானும் ஒவ்வொரு நாள் காலமையும் மிசினுக்கு முன்னால நிண்டு சொன்னன். பார்க்க ஆக்கள் வருவினம். குணநேசன், இந்த மிசினை உமக்குத் தந்திட்டன், கொண்டு போம். கை அசையாது. பரஞ்சோதிக்குப் பிரான்ஸ் மிசினில ஆசை விடேல்ல எண்டு சனம் நக்கலடிச்சுப்போட்டுப் போகும். நானும் ஓம் எண்டு சிரிப்பன். உண்மை என்னெண்டால், மிசின் எனக்கு மயிர். மண்ணெண்ணெய் இல்லாத நாட்டில மிசினை வைச்சு வணங்கிறதோ? எனக்கு விட மனமில்லாதது மிசின் இல்லை.

அவன் வந்தாப் பிறகு வீட்டில ரண்டு கோப்பை கழுவவேண்டி வந்தது. காலமை பிளேன்ரீ ஊத்தேக்க, அவனுக்குச் சீனி எத்தினை கரண்டி எண்டு யோசிக்கவேண்டி வந்தது. விறாந்தையில அவன் மிசினைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு படுத்துக் குறட்டை விட, நான் அறைக்குள்ள கிடந்து, உவன்ர குறட்டை பெரிய அரியண்டம் எண்டு ஏசி ஏசி நல்லா நித்திரை கொண்டன். ஏழு வருசமா என்ர பகிடியெல்லாம் வாய்க்குள்ள கிடந்து புளிச்சுப் போயிருந்தது, அதெல்லாத்தையும் எடுத்து அவனுக்குச் சொன்னன். காலமை சொன்ன பகிடிக்கு மத்தியானம் சிரிப்பான். அதுவும் வசதிதான், மத்தியானம் மட்டும் ஒரு எதிர்பார்ப்பு இருக்கும்.

ஒரு நாள் மதிலைப் பாத்துக்கொண்டிருந்திட்டு, அது அரை அங்குலம் சரிவு எண்டு அவனே குறை சொன்னான். பேந்து, கிணத்தடிப் பக்கம் வெளியால ஒரு கல்லு நீட்டிக்கொண்டு நிக்குது, அதில கால் வைச்சுத்தான் ஏறினனான் எண்டான். கட்டின எல்லா மதிலிலும் அப்பிடி ஒரு கல்லு விட்டிருக்கிறானாம். களவுக்கோ விட்டனீர் எண்டு கேட்டன்.

"அப்ப களவு நினைவில்லை அண்ணை. ஒரு கல்லும் விடாமல் ஏழடிக்குக் கட்டேக்க மனசுக்கு ஒரு மாதிரி இருக்கும். ஆரும் அவசரத்துக்கு ஏறவேணுமெண்டால் எண்டு விட்டனான்."

நான் எழும்பிப் போய் வெளியால நிண்டு அந்தக் கல்லைத் தடவிப் பாத்தன்.

இருபதாம் நாள் அவன் ஒரு கதை சொன்னான். அவன்ர மூத்த பிள்ளை பெரியபிள்ளை ஆயிட்டாளாம். வாற வெள்ளிக்கிழமை தண்ணி வாப்புச் சடங்காம். மனிசி போனில கேக்கிறாவாம் எப்ப வாறியள் எண்டு, மதில் வேலை முடியேல்ல எண்டு இவன் சொல்லிக்கொண்டிருக்கிறானாம். வேலை இல்லாமல் போய், தண்ணி வாப்புக்குப் பிள்ளைக்கு ஒரு பட்டுப்பாவாடை வாங்கத்தான் மிசினுக்கு வந்தவனாம். "வெள்ளிக்கிழமை நான் பந்தலில நிக்கேல்ல எண்டால் தேப்பன் கள்ளன் எண்டு பிள்ளையின்ர காதில விழும் அண்ணை. நிண்டால் மிசினோட நிக்கவேணும். நீங்கள்தான் மனம் வைக்கவேணும்." அவன் கெஞ்சேல்ல, சாந்து குழைக்கிற மாதிரி மெல்லமாச் சொன்னான்.

நான் அடுத்த நாள் காலமை குளிச்சு, திருநீறு பூசி, மிசினுக்கு முன்னால நிண்டு சொன்னன். கை விடேல்ல. புதன்கிழமை சொன்னன். கை விடேல்ல. சொல்லேக்க என்ர மனம், வெள்ளிக்கிழமைக்குப் பிறகு பிளேன்ரீக்கு எத்தினை கரண்டி சீனி எண்டு யோசிச்சுக்கொண்டு நிண்டது.

வியாழக்கிழமை காலமை அவன் எழும்பிச் சாரத்தை மடிச்சுக் கட்டினான். ஒரு கையால மிசினைத் தூக்கித் தோளில வைச்சான். நடந்து போறன் அண்ணை, ஒட்டினபடியே போறன், பந்தலுக்குப் பின்னால நிண்டெண்டாலும் பாத்திட்டு வாறன் எண்டான். சாப்பிட்டிட்டுப் போம், பழஞ்சோறு இருக்கு எண்டு நான் மற்றத் தோளில கையை வைச்சன். அவன் இல்லை அண்ணை எண்டு திரும்பினான். நானும் அவனோட திரும்பினன்.

என்ர கை வருகுதில்லை.

இழுத்தன். இழுக்க இழுக்க அவன்ர தோள்தான் வருகுது. ரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்தம். அவனுக்கு விளங்கிட்டுது எண்டு அவன்ர கண்ணில கண்டன். அறுபத்தொரு வயசில எனக்கு வந்த வெக்கத்தை எங்க வைக்கிறது எண்டு தெரியேல்ல. அவன் மிசினை இறக்கி வைச்சிட்டு அதுக்குப் பக்கத்தில குந்தினான், நானும் குந்தினன். அண்டைக்குப் பார்க்க வந்த சனத்துக்கு ஒரு டிக்கற்றில ரண்டு படம். ஒரு பெடியனும் சிரிக்கேல்ல எண்டதுதான் எனக்கு இன்னும் சுட்டது. பூமணி மாமி மட்டும் கிட்ட வந்து, என்ர கையையும் அவன்ர தோளையும் பாத்திட்டு, "உனக்கு ஆளில்லை எண்டு ஒருக்கால் கேற்றில தட்டிச் சொல்லியிருக்கலாமே பரஞ்சோதி" எண்டா. தட்டினனான் மாமி, கண்தான் வந்தது எண்டன்.

பத்து மணிபோல ஒரு பொம்பிளை வந்தா. மெலிஞ்ச ஆள், செருப்பு அறுந்து கையில பிடிச்சபடி, இரண்டு பஸ் மாறி வந்த களை. தன்ர பேர் சாந்தரூபி, மேசன்ர மனிசி எண்டா. பஸ்ஸில ஆரோ கதைச்சதைக் கேட்டுத்தான் விலாசம் விசாரிச்சு வந்தவவாம். புருசனை ஏசுவா எண்டு நாங்கள் எல்லாரும் பாத்துக்கொண்டு நிக்க, அவ மிசினைப் பாக்கவேயில்லை. என்ர கையைத்தான் பாத்தா. பேந்து எனக்கு முன்னால வந்து குந்தினா.

"அண்ணை, மிசினை நான் கேக்கேல்ல. ஆளைத் தாங்கோ. பிள்ளை பாத்துக்கொண்டிருக்கிறாள்."

நான் குணநேசனைப் பாத்தன். கழுத்தடியில காய்ஞ்ச சீமேந்துத் தழும்பு ஒண்டு இருந்தது, இருபத்தி மூண்டு நாள் பாத்துப் பாத்து எனக்கு அது பாடம். உந்தத் தழும்பை அந்தப் பிள்ளை பிறந்த நாளில இருந்து பாத்திருக்கும். அது அவளின்ர. நான் கள்ளனுக்குச் சோறு போட்டுக்கொண்டு, களவும் எடுத்துக்கொண்டிருந்திருக்கிறன்.

"கொண்டு போ பிள்ளை" எண்டன்.

ரண்டு கையும் ஒண்டா விட்டது. என்ர கை அவன்ர தோளால வழுக்கி மடியில விழுந்தது, அவன்ர கை கைபிடியால விட்டுக் காத்தில நிண்டது. ஒட்டின ஆக்கள் எல்லாரும் கையை எடுக்கத்தான் பாடுபட்டினமே தவிர, திருப்பிக் குடுக்க ஒருத்தரும் நினைச்சுப் பாக்கேல்ல. அப்பிடியும் கை விடும் எண்டு முதல் கண்டுபிடிச்சவன் நான்தான். சார்ஜன்ற் வந்து, ஒட்டாத கள்ளனை எந்தச் சட்டத்தில பிடிக்கிறது எண்டு தெரியாமல் கடதாசியைக் கிழிச்சுப்போட்டார்.

மிசின் வேண்டாம் எண்டு அவன் சொன்னான். தந்ததைத் திருப்பி வாங்கினால் என்ர கை அதில ஒட்டும், எடுத்துக்கொண்டு போம், வித்துப் பாவாடையை வாங்கும் எண்டன். பஸ்ஸில கொண்டக்ரர் மிசினுக்கும் ஒரு டிக்கற் கேட்டவன் எண்டு பேந்து கேள்விப்பட்டன். கேற்றடியில நிண்டு கை காட்டினன். கை நல்லாத்தான் ஆடிச்சுது. அவை சந்தி திரும்பினாப் பிறகு அந்தப் பக்கத்தில இருந்து ஒரு பெரிய சிரிப்புக் கேட்டது. அண்டைக்கு முதல் நாள் நான் சொன்ன பகிடிக்கு.

நாலு மணிக்குத் திலகேஸ் எடுத்தா. என்ன சாப்பிட்டியள் எண்டு கேட்டா, பழஞ்சோறு எண்டன். அங்கால பேத்தி என்னவோ பிரெஞ்சில சிணுங்கிச்சுது. நான் வழமையா எப்ப வாறாய் எண்டு கேக்கிற இடத்தில அவ கொஞ்சம் நிண்டு பாத்தா, நான் கேக்கேல்ல.

"திலகேஸ், நீ அங்கயே இரு. பிள்ளைக்குத் தந்திட்டன்."

"என்னத்தை?"

"உன்னைத்தான்."

அங்கால அவ மூச்சு வாங்கிறது கேட்டது.

"இஞ்சேருங்கோ" எண்டா. "விரல் விரியுது. அஞ்சும் விரியுது."

அழுதாவோ சிரிச்சாவோ தெரியேல்ல, போனுக்கும் கேற் ஓட்டைக்கும் பெரிய வித்தியாசமில்லை. அப்ப இனிக் கோப்பை கழுவலாம், மகளுக்கு உதவியா இருக்கும் எண்டு பகிடி விட்டன். போனை வைச்சாப் பிறகு அந்த ரண்டாவது கோப்பையைக் கழுவிக் கவிட்டு வைச்சன்.

ஊரில மற்ற வீடுகளில கள்ளர் இன்னும் இருக்கிறாங்கள், வழக்குத் தவணை தள்ளித் தள்ளிப் போகுது, உண்டியல்காரன் இப்ப தேவாரம் ஐயரைவிட வடிவாப் படிக்கிறானாம். நான் கேற்றின்ர பூட்டைக் கழட்டிப்போட்டன். கிணத்தடி மதிலில நீட்டிக்கொண்டு நிக்கிற கல்லை இடிக்கேல்ல. அதுக்குப் பிறகு ரண்டு தரம் கள்ளர் வந்தவங்கள், ஒருத்தன் கொடியில காய்ஞ்ச சாரத்தை எடுத்தான், ஒருத்தன் கிணத்து வாளியை எடுத்தான். நான் விறாந்தையில இருந்து பாத்துக்கொண்டுதான் இருந்தனான். எழும்பிப் போய்ப் பிளேன்ரீ குடிக்கிறியோ எண்டு கேக்கிறதுக்கிடையில, கை லேசா வர, மதிலால ஏறிப் போட்டாங்கள். என்ர வளவில இனி ஒருத்தரும் ஒட்டமாட்டினம்.